பாலிஷ் அக்காவின் முதல் ஆட்டோமேட்டிக்

அந்தத் தெருவில் பாலிஷ் அக்கா எங்கே என்று கேட்டால் யார் வேண்டுமானாலும் வழி சொல்வார்கள். நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் நகத்தில் இருப்பதெல்லாம் கிரீஸ்தான். கார் பட்டறைக்காரி. சிவப்பு நெயில் பாலிஷ் பாட்டில் ஒன்று எந்நேரமும் சட்டைப் பையில் இருக்கும். ஒரு போல்ட்டை முழுசாக இறுக்கி முடித்ததும் அதன் தலையில் ஒரு பொட்டு வைப்பாள். பொட்டு இருந்தால் வேலை முடிந்தது, இல்லையென்றால் முடியவில்லை. தன் ஞாபகத்தைக்கூட நம்ப மாட்டாள், அந்தப் பொட்டை நம்புவாள்.

பட்டறையில் அவளும் அவள் வீட்டுக்காரரும் மட்டும்தான். எஞ்சின் வேலை அவளுக்கு, நசுங்கல் எடுப்பதும் பெயிண்ட்டும் அவருக்கு. ஆட்டோமேட்டிக் கியர் வண்டி வந்தால் மட்டும் பெரிய கும்பிடாகப் போட்டு அனுப்பிவிடுவார் அவர். அவளுக்கு அதில் வயிற்றெரிச்சல். கிளட்ச் மிதிக்காமல், கை வைக்காமல், உள்ளே இருக்கும் எண்ணெயின் அழுத்தத்திலேயே கியர் மாறுகிறது என்றால் சும்மாவா! காயலான் கடையிலிருந்து செத்துப்போன கியர்பாக்ஸ் ஒன்றைத் தூக்கிவந்து சமையலறைத் தரையில் பிரித்துப் பரப்பினாள். ஒரு வாரம் அடுப்புப் பக்கம் போக வழியில்லை. வீட்டுக்காரர் கடையில் சாப்பிட்டார்.

அந்த ஆசைக்கும் ஒரு நேரம் வந்தது, அண்ணி ரூபத்தில். அண்ணி என்றால் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அக்கா. டிரைவிங் ஸ்கூலில் வாத்தியாராக இருந்தவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் வண்டி ஓட்டக் கற்றார்கள். ஒரு விபத்தில் இடது முழங்கால் போயிற்று. கிளட்ச் மிதிக்க முடியாது, வேலையும் இல்லை. அன்றிலிருந்து ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு, "அடேய், திரும்புறவன் இண்டிகேட்டர் போட மாட்டியா?" என்று தெருவில் போகிற கார்களைத் திட்டிக்கொண்டிருந்தார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், பாலிஷ் அக்காவுக்கு மட்டும் அழுகை வரும்.

இப்போது ஸ்கூல் முதலாளி ஆட்டோமேட்டிக் வகுப்பு ஆரம்பிக்கிறார். வண்டியோடு வந்தால் வேலை அண்ணிக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள். அண்ணி ஆசையாக வாங்கிய பழைய வண்டியின் கியர்பாக்ஸ் வாங்கிய வேகத்திலேயே மண்டையைப் போட்டது. "அண்ணி, கவலைப்படாதீங்க, வேற பாக்ஸ் நான் மாட்டித் தரேன்" என்று இவள் வாயைக் கொடுத்துவிட்டாள். முதலாளி பார்க்க வருவது இன்று சாயங்காலம்.

காலையிலிருந்தே அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கியர்பாக்ஸின் வாயில் கன்வெர்ட்டர் என்று பூசணிக்காய் பருமனில் ஓர் உருண்டை உட்கார வேண்டும். எஞ்சினின் சுழற்சியை உள்ளே வாங்கிக் கொடுப்பது அதுதான். அது முழுசாக உட்காரவில்லையென்றால் உள்ளே இருக்கும் பம்ப் நொறுங்கிவிடும். மெல்லத் திருகித் திருகித் தள்ளினாள். 'டொக்' என்று இறங்கியது. இன்னும் திருகினாள். மறுபடியும் ஒரு 'டொக்'. "உக்காந்துடுச்சுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரர் கையிலிருந்த பட்டி பூசும் தகட்டைக் கீழே போட்டார்.

பாக்ஸை ஏற்றி எஞ்சினோடு பூட்டினார்கள். பிறகு அந்த உருண்டையை எஞ்சின் சக்கரத்தோடு போல்ட் போட்டு இணைக்க வேண்டும். அதற்கு அடியில் ஒரு சின்ன ஓட்டைதான் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு போல்ட்தான் கண்ணுக்குத் தெரியும், எஞ்சினைக் கையால் சுற்றினால் அடுத்தது வரும். எல்லாவற்றையும் முதலில் விரலால் முடுக்கிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக ஸ்பேனர் போட்டு இறுக்கத் தொடங்கினாள். முதல் போல்ட்டுக்குப் பொட்டு வைத்தபோது, கியர்பாக்ஸுக்குக் கேட்டிருந்த எண்ணெய் வந்துவிட்டதாகக் கடையிலிருந்து போன். பாட்டிலை வண்டிக்கடியிலேயே வைத்துவிட்டு ஓடினாள். திரும்பி வந்து எஞ்சினைச் சுற்றிப் பார்த்தால் எல்லாம் சிவப்பு. அட, முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறோம் போல என்று எண்ணெயை ஊற்றினாள்.

சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்தது. கூடவே அடியில் டக்டக்டக்டக் என்று ஒரு சத்தம், இரும்பில் யாரோ விரல் முட்டியால் தட்டுவது மாதிரி.

"வேணாம் வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா?" என்றார் வீட்டுக்காரர்.

"கொஞ்சம் வாயை மூடுறீங்களா? காது கேக்கணும்!"

அவளுக்குப் பயம்தான். ஆனால் பாருங்கள், அந்தப் பயத்துக்குள்ளேயே ஒரு குஷி. ஆட்டோமேட்டிக் அவளோடு பேசுகிறதே! நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பாக்ஸில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்தாள். பம்ப் போயிருந்தால் 'உய்ங்' என்று ஊளையிடும். இல்லை. எண்ணெய் அளவு சரி. சைலன்ஸர் குழாயைக் கட்டையால் அழுத்திப் பார்த்தாள், சத்தம் மாறவில்லை. பிரேக்கை மிதித்து கியரில் போட்டாள். சத்தம் அடங்கியது. கியரை எடுத்தாள், மறுபடியும் டக்டக்.

"இது அந்த உருண்டையோட போல்ட் லூசா இருந்தா வர்ற சத்தம். சத்தியமா அதேதான். ஆனா எப்படிங்க? எல்லாத்துலயும் பொட்டு இருக்கே!"

ஜன்னலை விட்டு வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அண்ணி தம்பியின் முகத்தைப் பார்த்தார். தம்பி எங்கேயோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா, எதுக்குடா முழிக்கிற?"

"அது வந்து... இவ கடைக்குப் போனப்ப பார்த்தேன், போல்ட்டெல்லாம் மாட்டி இருந்துச்சு. கையால அசைச்சேன், ஆடல. இவ அவசரத்துல பொட்டு வைக்க மறந்துட்டா போலன்னு... நாந்தான் வச்சேன்."

"அடப்பாவி மனுஷா!" என்று கத்திக்கொண்டே பாலிஷ் அக்கா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கோபம் இல்லாமலா? கொலைக்கோபம். ஆனால் பாக்ஸ் நன்றாக இருக்கிறதே, அவள் மாட்டியது சரியாக இருக்கிறதே! அந்தச் சந்தோஷத்தில் கோபம் நிற்க இடம் கிடைக்கவில்லை. "உங்களை அப்புறம் வச்சுக்கறேன்" என்று வண்டிக்கடியில் நுழைந்தாள். அவர் பொட்டு வைத்த ஒவ்வொரு போல்ட்டும் ஸ்பேனருக்கு வெண்ணெயாகச் சுற்றியது. நல்லவேளை, போல்ட் துளைகள் அடிவாங்கவில்லை, பிழைத்தோம். இறுக்கி, பழைய பொட்டைச் சுரண்டி, புதுப் பொட்டு வைத்தாள்.

சாவியைத் திருப்பினாள்.

"என்னம்மா, எஞ்சின் பிடிக்கலையா?" என்றார் அண்ணி.

"ஓடிக்கிட்டுதான் இருக்கு அண்ணி!"

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்து இறங்கினார். அண்ணி கைத்தடியைப் பின் சீட்டில் போட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார், முதலாளி பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி பூனை மாதிரி வாசலைத் தாண்டித் தெருமுனையில் மறைந்தது. ஆள் அரவமில்லாத பட்டறையில் புருஷனும் பெண்டாட்டியும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நேரம் ஆகிக்கொண்டே போயிற்று. வழியில் நின்றிருக்குமோ? மறுபடியும் சத்தம் வந்திருக்குமோ?

கடைசியில் வண்டி தலையை நீட்டியது. ஆனால் வெட்டி வெட்டிக் குதித்துக்கொண்டு வந்தது. பாலிஷ் அக்காவுக்கு உயிரே போய்விட்டது. கிட்டே வந்ததும்தான் தெரிந்தது, ஸ்டியரிங்கில் இருப்பது முதலாளி. கிளட்ச் என்று நினைத்து இடது காலால் பிரேக்கை மிதித்து மிதித்து வருகிறார். பக்கத்தில் அண்ணி, தொண்டை கிழியக் கத்துகிறார்.

"எத்தனை தடவை சார் சொல்றது? இடது காலை மடக்கி ஓரமா வைங்க! இந்த வண்டியில அந்தக் காலுக்கு வேலையே கிடையாது!"