பின்கண்ணாடி இடுக்கு

சவுதியிலிருந்து திரும்பி வந்த வருஷம் என் கணவர் ஒரு பழைய திறந்த கார் வாங்கினார், மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விட. மேலே துணிக்கூரை. வேண்டாதபோது பின்னால் மடித்து வைக்கலாம். பின்பக்கக் கண்ணாடி அந்தத் துணியோடு பசையால் ஒட்டியிருந்தது. பூ அலங்காரம் என் வேலை. முகூர்த்த நாட்களில் ஸ்ரீரங்கத்திலேயே எங்களுக்கு ஓய்வு இருக்காது.

கண்ணாடியின் மேல்விளிம்பு துணியை விட்டுப் பிரிவதை முதலில் கவனித்தவள் நான்தான். சரம் கட்டும்போது விரல் உள்ளே போனது.

"பசை விட்டுப்போச்சுங்க."

"டேப் போட்டுக்கலாம். இந்த சீசன் முடியட்டும்."

கறுப்பு டேப் ஒட்டினார். கூரையை ஒவ்வொரு முறை மடித்து விரிக்கும்போதும் டேப் உரிந்தது. இடைவெளி இன்னும் கொஞ்சம் நீண்டது.

எங்கள் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி இல்லாத நாளில் அவளும் வருவாள், பின் சீட்டில். திரும்பும்போது வெயிலுக்காகக் கூரையைப் போட்டுக்கொள்வோம். வீட்டுக்கு வந்ததும், "தலை வலிக்குதும்மா" என்பாள். ஒரு நாள் வாந்தி எடுத்தாள். மாமியார் கண்ணூறு என்று சொல்லி ஓதி ஊதினார். நான் வெயில் என்றேன். காரில் போன நாட்களில் மட்டும்தான் அவளுக்கு வலிக்கிறது என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

ஐப்பசியில் மருங்காபுரிப் பக்கம் ஒரு கல்யாணம். ஊர்வலம் காலையிலேயே முடிந்தது. விராலிமலை தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. முன்கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க அவர் தன் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் கொஞ்சம் இறக்கி வைத்திருந்தார். பின்னால் டேப் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது. திரும்பிப் பார்த்தேன். மகள் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னம் நன்றாகச் சிவந்திருந்தது.

"எழுப்பவா?"

"தூங்கட்டும் விடு. காலைல சீக்கிரம் எழுந்த புள்ள."

எனக்கும் நெற்றி கனத்தது. அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே ஓட்டினார். மன்னார்புரம் வரும்போது கண்ணாடியின் மேல்பகுதி முழுக்கவே பிரிந்து உள்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வீட்டுக்குப் போகாமல் நேரே பாலக்கரைக்கு விட்டார். அங்கே கார் சீட், கூரையெல்லாம் தைக்கிற ஒருவரை அவருக்குத் தெரியும்.

கடைக்காரர் பின்னால் வந்து பார்த்தார். "பாப்பாவ எறக்குங்க தங்கச்சி. கண்ணாடி மேல விழுந்துரும்."

பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். தலை மறுபக்கம் சரிந்தது. கடைக்காரர் குனிந்து உள்ளே முகர்ந்தார். பிறகு குரலை உயர்த்தாமல், "பாய், மொதல்ல இன்ஜின நிறுத்துங்க" என்றார். அவரே அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். மழையிலேயே நின்றார். எனக்கு ஏன் என்று புரியவில்லை. நனைகிறாளே என்று துப்பட்டியைப் போர்த்தப் போனேன். "மூடாதீங்க, காத்து படட்டும்" என்று என் கையைத் தள்ளினார்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். சாயந்திரம் கண் திறந்தாள். என்னைப் பார்த்தாள், ஆனால் யாரென்று அடையாளம் தெரியாதவள்போலப் பார்த்தாள். "அம்மா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆனதோ, நான் கடிகாரம் பார்க்கவில்லை. வண்டிப்புகை ரத்தத்தில் கலந்திருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். என் கணவர் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் இருவரும் பாலக்கரைக்குப் போனோம். கடைக்காரர் இன்ஜினை ஓடவிட்டு, ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டு, பின்னால் அந்த இடுக்கருகே ஓர் ஊதுபத்தியைக் காட்டினார். புகை வெளியே போகவில்லை. இடுக்கு வழியாக மெல்ல உள்ளே நுழைந்தது. "நிக்கறப்பவே இப்படி. ஓடறப்ப இன்னும் இழுக்கும். கீழ சைலன்சரும் ஓட்டை" என்றார். பின்சீட்டுக்கு மேலே துணியின் உள்பக்கத்தைத் தடவி விரலைக் காட்டினார். கரி. அவள் தலை இருக்கும் உயரம்.

சைலன்சரை மாற்றினார்கள். கடைக்காரர் பழைய பசையைச் சுரண்டி, துணியையும் கண்ணாடியையும் துடைத்து, கோடு போட்டு, புதுப் பசை வைத்து அழுத்தினார். இரண்டு நாள் கூரையை மடிக்கக் கூடாது என்றார்.

வண்டி வந்ததும் நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். எல்லாக் கண்ணாடியையும் ஏற்றச் சொன்னேன். காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போய், கொள்ளிடக்கரை வரைக்கும் போய்த் திரும்பினோம். ஒவ்வொரு மூச்சையும் கவனித்துக்கொண்டே வந்தேன்.

"தலை வலிக்குதா?" என்றார் என் கணவர்.

"இல்லங்க."

சிக்னலில் நின்றபோது மறுபடி கேட்டார். இல்லை என்றேன்.

மகள் இப்போது நன்றாக இருக்கிறாள். பகலில் அசந்து தூங்கினால் மட்டும் நான் எழுப்பிவிடுவேன். அவளுக்குக் கோபம் வரும். "என்னம்மா வேணும்?" என்பாள். ஒன்றுமில்லை, தூங்கு என்பேன்.