மரகதம் டீச்சர் வெட்டி வைத்த மூலைகள்

மரகதம் டீச்சர் காலமானார் என்று வாட்ஸாப்பில் வந்ததை நான் நம்பவில்லை. அனுப்பியவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். பிறகு டீச்சரின் மகளையே கூப்பிட்டேன். "ஆமாங்க சார், காலையிலதான்" என்றாள். கணக்கு வாத்தியாரான நான் ஒரு சந்தேகப் பிராணி என்பது டீச்சரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நம் பிள்ளைகள் உண்மையான ஓவியத்தைப் பார்த்ததே இல்லை என்று கிளம்பியவர் ஓவிய ஆசிரியையான அவர்தான். ஊர் ஊராகப் போய் ஓவியர்களிடம் ஆளுக்கொரு படம் கேட்டார். "பிள்ளைங்கதானேன்னு கழிச்சதைக் குடுக்காதீங்க. உங்க வூட்டுல மாட்டி வெச்சிருக்கறதைக் குடுங்க" என்பார். கொடுத்தார்கள். மொரப்பூர், நல்லம்பள்ளி, காரிமங்கலம் என்று அரசுப் பள்ளிகளுக்கு அவை மாறி மாறிப் போயின. பஸ்ஸில் படத்தைச் சீட்டில் உட்காரவைத்துவிட்டு இவர் நின்றுகொண்டு வருவார். கண்டக்டர் முறைத்தால், "அதுக்கும் டிக்கெட் போடுங்க" என்பார். படங்களின் பட்டியல் என் பொறுப்பு.

கோடை விடுமுறையில் எல்லாவற்றையும் வீட்டுக்கு எடுத்துப் போவார். "சுவத்துல ஓதம் ஏறுதுங்க சார், பின்னட்டைய மாத்தணும்" என்பார். எனக்கு உறுத்தியது. எதையும் அச்சு அசலாக வரையக்கூடிய கை அவருடையது. பெங்களூரோ பக்கத்தில். அசலை அங்கே விற்றுவிட்டு நகலைத் திருப்பித் தந்தால் யாருக்குத் தெரியும்? ஒரு வருடம் ஒவ்வொரு படத்தின் பின்னாலும், மூலையில், பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டுவைத்தேன். ஜூனில் படங்கள் திரும்பி வந்தன. ஒன்றிலும் குறி இல்லை.

பின்னட்டையில் போட்ட குறி பின்னட்டையோடு போய்விடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் அட்டை மாற்றுகிறார் என்பதையே நான் நம்பவில்லையே. அவரிடம் கேட்கவும் இல்லை. தலைமையாசிரியர்கள் கூட்டத்தில், இனிப் படங்கள் யார் வீட்டுக்கும் போகக்கூடாது என்று முடிவெடுக்க வைத்தேன். டீச்சர், "சரிங்க சார். மழைக்கு முன்ன ஒருக்கா பின்னாடி திருப்பிப் பாத்துக்குங்க" என்றார்.

நான் பார்க்கவில்லை. அந்த மழையில் காரிமங்கலம் பள்ளியில் இருந்த சந்தைப் படத்தைக் கரையான் தின்றுவிட்டது. டீச்சர் வந்து சட்டத்திலிருந்த மண்ணைத் துடைத்தார். நகல் என்பதற்கான சாட்சி அழிந்தது இவருக்கு வசதியாகப் போயிற்று என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

காரியத்தன்று மகள் ஒரு துணிப்பையைக் கொடுத்தாள். உள்ளே, ஓதத்தில் கறுத்த பழைய பின்னட்டைகளிலிருந்து வெட்டிய மூலைகள். ஒவ்வொன்றிலும் என் பெருக்கல் குறி, அதன் கீழே டீச்சரின் கையெழுத்தில் படத்தின் பெயர்.

"சார் கேட்டா காட்டலாம்னு அம்மா எடுத்து வெச்சிருந்தாங்க. நீங்க கேக்கவே இல்லீங்களாமே?"

அங்கேயே உட்கார்ந்து என் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அப்போதும் சந்தேகப் புத்தி போகவில்லை. ஒன்றுகூடக் குறையவில்லை. வெட்கத்தில் அழுதேன்.

ஒரு துண்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். 'சந்தை' என்று அவர் எழுதியது. அந்தப் படமும் இல்லை, டீச்சரும் இல்லை. நான் போட்ட குறி மட்டும் அழியாமல் இருக்கிறது.