திரும்பிப் பார்க்காத சர்வர்

என் வீட்டுக்காரர் ஹோட்டலில் சர்வர். சின்ன வயதிலிருந்தே வலது கையைத் தோளுயரத்துக்குத் தூக்கி, அதில் ட்ரேயை ஏந்தி, மேஜைகளுக்கு நடுவே விறுவிறுவென்று நடந்து பழகியவர். ஓடத் தொடங்கியபோதும் அந்தப் பழக்கம் விடவில்லை. இடது கை வீசும், வலது கை மட்டும் தோளருகே அப்படியே நிற்கும். ஆளுக்கு ஆள் ‘ட்ரே’ என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். ஐம்பதை நெருங்கும் வயதில் எதற்கு இதெல்லாம் என்று என் நாத்தனார்கூடக் கேட்டாள்.

“பொழுதெல்லாம் மத்தவங்களுக்காக ஓடுறேன். இது எனக்காக” என்றார்.

போன வருடம் இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டத்தில் சேர்ந்தார். கால் தாங்கியது, மூச்சும் தாங்கியது. கெடுத்தது தண்ணீர்தான். வழியில் தண்ணீர் மேஜை வந்த இடமெல்லாம், பின்னால் வருகிறவர்கள் யாராவது “தண்ணி!” என்று கத்தியிருக்கிறார்கள். இவர் உடனே நின்று, டம்ளரை எடுத்து, குனிந்து நீட்டியிருக்கிறார்! ஒருவருக்குக் கொடுத்தால் அடுத்தவர் கை நீட்டாமலா இருப்பார்? கடைசியில் நேரம் முடிந்து, பின்தங்கியவர்களை அள்ளிக்கொண்டு வரும் வேன் இவரையும் ஏற்றிக்கொண்டது. அதே ஓட்டத்தை ஓடி முடித்திருந்த ஹோட்டல் மேனேஜர், மறுநாள் எல்லோர் முன்னாலும், “ட்ரேக்கு வேன்தான் சரி. ஓட்டமெல்லாம் சாப்பிட வர்றவங்களுக்கு, பரிமாறுறவங்களுக்கு இல்ல” என்று சிரித்தார்.

அன்று இவர் சோற்றைத் தொடவில்லை. “அடுத்த தடவையும் வேன்ல ஏறினா ஷூவைத் தூக்கிப் போட்டுடுறேன்” என்றார். ஷூவைத் தூக்கிப் போடுவதாவது! ஒரு கை பார்த்துவிடுவது என்று நானே இறங்கினேன்.

விடியற்காலையில் அவர் முன்னால் ஓட, நான் மொபெட்டில் பின்னால். “ஏங்க, தோளை இறக்குங்க! கையை இடுப்புக்கிட்ட வீசுங்க! சின்னச் சின்னதா எட்டு வைங்க!” வலது கை மேலே ஏறும்போதெல்லாம் ஹாரன் அடித்தேன். மூச்சு வாங்காமல் என்னோடு சண்டை போட முடிந்தால் அதுதான் சரியான வேகம் என்று வைத்துக்கொண்டோம். சண்டைக்கு எங்களுக்குப் பஞ்சமா? வாரத்துக்கு வாரம் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். கை இறங்கிவிட்டது. ஆனால் நடுவில் நான் திடீரென்று “சர்வர், தண்ணி!” என்று கத்தினால் மட்டும் கால் தானாக நின்றுவிடும். கத்திக் கத்தியே எனக்குத் தொண்டை கட்டிப்போனது. ஒரு நாள் கத்தினேன். அவர் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தார். நான்தான் வண்டியை நிறுத்திவிட்டு அழுதேன்.

இந்த வருட ஓட்டத்தில், கடைசித் தண்ணீர் மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். மேனேஜரும் அங்கேதான் மேஜையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். டம்ளர்கள் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. இவர் வருவதைப் பார்த்ததும், “ட்ரே! தண்ணி எடு!” என்றார். இவருடைய வலது கை தோள்வரை எழும்பியது. எழும்பிய கை அப்படியே இறங்கி இடுப்பருகே வீசியது. தலை திரும்பவே இல்லை. வேன் வருவதற்குள் இவர் தன் காலாலேயே ஓடி முடித்தார்.

மறுநாள் ஹோட்டலில் சாப்பிட உட்கார்ந்த மேனேஜர், “நேத்து கூப்பிட்டேனே, காதுல விழலையா?” என்று கேட்டாராம்.

இவர் டம்ளரில் தண்ணீரை நிரப்பி அவர் முன்னால் வைத்திருக்கிறார்.

“நல்லா விழுந்துச்சு சார்.”