பங்குக் கழகத்தின் பதினோராவது ஆள்

குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து நாங்கள் புறப்பட்டபோது விடிந்திருக்கவில்லை. மெல்பேர்ணுக்கு ஏறத்தாழ தொள்ளாயிரம் கிலோமீற்றர். காரை நான் ஓட்ட, பக்கத்தில் மனுவேல் அண்ணை; பின்சீற் முழுக்க நீல ஜேர்சிகள். யாழ்ப்பாணக் கரையோரத்தில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கு நடத்திய உதைபந்தாட்டக் கழகத்தை இங்கே உயிரோடு வைத்திருப்பவர் அவர்தான். நாங்கள் இருக்கும் நகரத்திலும் மெல்பேர்ணிலும் சிதறிக் கிடக்கும் எங்கள் பொடியளை வருடத்தில் ஒருநாள் கூட்டி, ஊர்க் கழகங்களின் போட்டியில் இறக்குவார். போன வருடம் பதினொரு பேர் தேறவில்லை. இந்த முறையும் தேறாவிட்டால் கழகத்தின் பெயரையே வெட்டிவிடுவோம் என்று அமைப்பாளர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

வழியில் குண்டகாயில் நிறுத்தினோம். கோப்பி ஆறு டொலர். வாயில் வைக்க முடியவில்லை.

“பதினொரு பேர் சரிதானே அண்ணை?”

“ஓம், ஓம். நேற்றும் எல்லாரோடையும் கதைச்சனான். நீ ரோட்டைப் பார்.”

பிறகு அல்பரி வரை கழகத்தின் சரித்திரம்தான். பங்குச் சுவாமி முதல் பந்து வாங்கித் தந்தது, வெறுங்காலோடு மணலில் ஆடியது, இடம்பெயர்ந்த காலத்தில் கோல் கம்பங்கள் விறகாய்ப் போனது. நூறு தடவை கேட்ட கதை. சலிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

அன்றிரவு கிளேட்டனில் அவருடைய மகள் வீட்டில் தங்கினோம். புட்டும் மீன்குழம்பும். மகளின் மகன் கெவினுக்கு இருபத்திரண்டு வயது. பல்கலைக்கழக அணியில் கோல் அடிப்பவன். நான்கு வருடத்துக்கு முன் பூட்ஸும் கையுமாக எங்களிடம் வந்தவன்தான். ஆனால் தகப்பன் பக்கத்து ஊர். “தகப்பன் எங்கட பங்காய் இருக்கவேணும். சட்டம் சட்டம்தான்” என்று அண்ணை சொந்தப் பேரனையே திருப்பி அனுப்பினார். மகள் ஒரு வருடம் அவரோடு கதைக்கவில்லை.

மறுநாள் காலை மைதானத்துக்கு வந்தவர்கள் பத்துப் பேர். பதினோராவது பொடியன் கால் பிசகிவிட்டது என்று போன் எடுத்தான். நடுவர் கால்மணி நேரம் தந்தார். அண்ணை என்னைப் பார்த்தார். என் முழங்கால் மாடிப்படிக்கே மறுக்கும். கடைசியில் மிஞ்சிய ஜேர்சியை எடுத்துக்கொண்டு, ஆட்டம் பார்க்க வந்து கோட்டோரம் நின்ற கெவினிடம் போனார்.

“போடு ராசா. சட்டத்தை நான் பார்த்துக்கொள்ளுறன்.”

கெவின் அவர் தோளைத் தொட்டான். “ஸொறி அம்மப்பா. ஐ ஆம் நொட் ஃப்ரம் தேர். யூ டோல்ட் மீ.”

கோபமாகச் சொல்லியிருந்தாலாவது தாங்கியிருக்கலாம். பாவி, அவ்வளவு பணிவாகச் சொன்னான். நேரம் முடிந்ததும் விசில் ஊதினார்கள். கழகத்தின் பெயரையும் வெட்டினார்கள்.

திரும்பும்போது முர்ரே ஆற்றைத் தாண்டியதும் அண்ணை மெதுவாகக் கேட்டார்: “ஊரிலை ஆள் குறைஞ்சா என்ன செய்தனாங்கள், ஞாபகம் இருக்கே?”

இருந்தது. கரையில் வள்ளம் இழுத்துக்கொண்டு நிற்பவனைக் கூப்பிடுவோம். மீன் வாங்க வந்த பக்கத்து ஊர்க்காரன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, எங்களுக்குக் கோலும் அடித்திருக்கிறான். எந்தப் பங்கு, யாருடைய மகன் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஊரில் அப்படி ஒரு சட்டமே இருக்கவில்லை. ஊர் கரைந்துபோய்விடும் என்று பயந்து நாங்கள் அதை எழுதியது, இங்கே வந்த பிறகுதான்.