ஊர் மாப்பிள்ளைகளின் கார்

என்னிடம் ஒரு சிவப்புக் கார் இருக்கிறது. இரண்டே பேர்தான் உட்காரலாம். கூரை துணியால் ஆனது. ஒரு பொத்தானை அழுத்தினால் மடிந்து பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். ஜெர்மனிக்காரன் வேகமாக ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி. அதைப் பாளையங்கோட்டையில் வைத்துக்கொண்டு நான் படும் பாட்டை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். அதனால்தான் எழுதித் தொலைக்கிறேன்.

நான் பல் டாக்டர். காலமெல்லாம் ஊரார் வாய்க்குள் குனிந்து பார்த்துப் பார்த்து என் கழுத்தும் முதுகும் போயின. மகள் வேலைக்குப் போன பிறகு எனக்கென்று ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. என் வயதுக்காரிகள் வைரத்தோடு வாங்கினார்கள். நான் கோயம்புத்தூரில் ஒருவர் ஓட்டிவிட்டு விற்ற ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினேன். புதுச் சின்னக் கார் ஒன்றின் விலைதான். இத்தனை மலிவாக ஏன் கொடுக்கிறார் என்று கேட்டிருக்க வேண்டும். சாவியைக் கொடுத்தபோது அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்தாவது சுதாரித்திருக்க வேண்டும். நான் எங்கே அவர் முகத்தைப் பார்த்தேன்? காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆசை ஒன்றே ஒன்றுதான். ஒரு விடிகாலையில் கூரையைத் திறந்துவிட்டுக்கொண்டு, திருச்செந்தூர் வழியாகக் குலசேகரன்பட்டினம் கடற்கரை வரைக்கும் நானே ஓட்டிப் போக வேண்டும். தசராக் கூட்டம் இல்லாத ஒரு சாதாரண நாளில் போய், ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். மூன்று வருடமாகியும் நடக்கவில்லை. ஒரு தடவை ஸ்ரீவைகுண்டம் வரை போய்ச் சேர்ந்தோம். அங்கே நின்றுபோன காரை ஒரு லாரியின் முதுகில் ஏற்றிவிட்டு, நானும் வீட்டுக்காரரும் டிரைவருக்குப் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து திரும்பி வந்தோம். வழியெல்லாம் பிள்ளைகள் லாரியைப் பார்த்துக் கையாட்டினார்கள்.

செலவைச் சொல்கிறேன். டயரில் ஆணி குத்தினால், எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடை அண்ணாச்சி குனிந்து பார்த்துவிட்டு, "இது நம்மகிட்ட ஆவாதும்மா" என்று எழுந்துகொள்வார். டயர் சென்னையிலிருந்து வர வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றக் கூடாதாம், ஜோடியாகத்தான் மாற்ற வேண்டுமாம். ஆயில் தனி ரகம். பிரேக் கட்டை தனி ரகம். முன்விளக்குக் கண்ணாடியில் ஒரு கல் தெறித்ததற்கு நான் கொடுத்த பணத்தில் என் கிளினிக்குக்குப் புது நாற்காலிகள் வாங்கியிருப்பேன். நோயாளிகள் இன்னும் அந்தப் பழைய பிளாஸ்டிக் நாற்காலிகளில்தான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

வண்ணார்பேட்டையில் ஒரு ஒர்க்ஷாப்பில் மட்டும்தான் இந்தக் காரைத் தொடுவார்கள். அங்குள்ள மெக்கானிக் என்னைக் கண்டதும் கேட்கும் முதல் கேள்வி, "சார் வரலியா?" கார் என்னுடையது, ஓட்டி வந்தது நான். ஆனால் சார் வந்தால்தான் அவருக்கு வாய் திறக்கும். என் வீட்டுக்காரருக்கு எந்தக் காரிலும் ஹாரன் எங்கே இருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஓய்வு பெற்ற பேங்க் ஆபீசர், நல்ல மனிதர், எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். மெக்கானிக் கோளாறை அவரிடம் சொல்வார். பில்லை என்னிடம் நீட்டுவார்.

வேகத்தடை இன்னொரு வயிற்றெரிச்சல். எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு ஒன்று போட்டிருக்கிறார்கள். காரின் அடிவயிறு தரையோடு ஒட்டிக் கிடப்பதால் இரண்டு பேர் பாரம் தாங்காது, உரசும். ஆகவே ஒவ்வொரு தடைக்கும் வீட்டுக்காரர் இறங்கி, நடந்து கடந்து, அந்தப் பக்கம் நின்று மறுபடி ஏறிக்கொள்வார். மெதுவாக வரச் சொல்லி, "பைய, பைய" என்று கையைக் காட்டுவார். தெருவே வேடிக்கை பார்க்கும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது மாப்பிள்ளைகளால்தான்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. பெண்வீட்டார் மாப்பிள்ளையைப் பிள்ளையார் கோயிலிலிருந்து திறந்த காரில் உட்கார்த்தி, மேளதாளத்தோடு மண்டபத்துக்கு அழைத்து வர வேண்டும். திறந்த காரை வாடகைக்கு எடுப்பதுதான் வழக்கம். சொந்தத்தில் ஒருத்தி சிவப்பாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள் என்று தெரிந்தால் வாடகை கொடுக்க யாருக்கு மனசு வரும்? வெற்றிலை பாக்குத் தட்டோடு வருவார்கள். என் வீட்டுக்காரரிடம் கேட்பார்கள். அவர் வாசல் பக்கத்து ஆணியில் தொங்கும் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, பிறகு என்னிடம் சொல்வார்.

முதல் மாப்பிள்ளை பவனி முடிந்து வந்தபோது கிளட்ச் கருகிப்போயிருந்தது. ஓடுவதற்குச் செய்த வண்டியை நாதஸ்வரக்காரர் நடைக்கு ஓட்டினால் கருகாமல் என்ன செய்யும்? இரண்டாவது மாப்பிள்ளையைச் சீட்டில் உட்கார வைத்தால் ஆள் தெரியவில்லை என்று, மடித்த கூரையின் மூடி மேல் ஏற்றி உட்கார வைத்திருக்கிறார்கள். நல்ல வாட்டசாட்டமான பையன். மூடி குழிந்துவிட்டது. மூன்றாவது கல்யாணத்தில் பூ அலங்காரம் செய்தவர் கட்டுக்கம்பியால் துணிக் கூரையைக் கிழித்தார். அதுகூடப் பரவாயில்லை. உதிர்ந்த செவ்வந்தி இதழெல்லாம் கூரை ஓரத்துத் தண்ணீர் வடியும் துளைகளுக்குள் போய் அடைத்துக்கொண்டது. ஐப்பசி மழையில் தண்ணீர் வடிய வழியில்லாமல் உள்ளே இறங்கி, சீட்டுக்கு அடியில் இருந்த ஏதோ ஒரு எலக்ட்ரானிக் பெட்டியை நனைத்துவிட்டது. அந்தப் பெட்டி வருவதற்கு ஒரு முழு மழைக்காலம் காத்திருந்தேன். அதன் விலையைச் சொன்னால் நீங்கள் என்னைத்தான் திட்டுவீர்கள்.

காரைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறவர்கள் தவறாமல் ஒரு தாம்பாளத்தில் லட்டும் முறுக்கும் ஜாக்கெட் துணியும் வைத்துக் கொடுப்பார்கள். "பெட்ரோல் ஃபுல்லாப் போட்டாச்சு" என்பார்கள். கடன் தீர்ந்துவிட்டது என்கிற முகம். என் அலமாரியில் ஜாக்கெட் துணி அடுக்கி வைத்திருக்கிறேன். அதில் ஒன்றைக்கூடத் தைத்துப் போட மனசு வரவில்லை.

போன கோடையில் வண்ணார்பேட்டை சிக்னலில் நின்றபோது இன்ஜின் கொதித்துப் புகை கிளம்பியது. பெரிய செலவு. அன்றைக்கு மட்டும் மெக்கானிக் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். "டாக்டரம்மா, இன்னொரு தடவ கொதிச்சுதுன்னா இன்ஜினையே மாத்தணும். அதுக்கு வண்டிய எடைக்குப் போட்டுரலாம்." அன்றிலிருந்து சூடு காட்டும் முள்ளை விட்டு என் கண் அகலாது. நின்றால் ஏறும், ஓடினால் இறங்கும். ரோட்டில் வேகமாகப் போனால் காற்றடித்தே ஆறிவிடும். இதை மட்டும் நானாகவே கண்டுபிடித்தேன்.

இந்த நிலைமையில்தான் அம்பாசமுத்திரத்திலிருந்து என் அண்ணன் வந்தான். அவன் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைப் பையனுக்கு விக்கிரமசிங்கபுரம், வேலை பெங்களூரில்.

"ஏளா, ஊர்ல ஒவ்வொருத்தனுக்கும் குடுத்திருக்க. எம் மவ கல்யாணத்துக்கு இல்லன்னா நாலு பேரு என்ன சொல்லுவான்?"

"கொதிச்சா வண்டி போச்சுண்ணே. நடந்து போற வேகத்துல அது ஓடாது."

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது. பைய போனாப் போதும்."

அண்ணன் மகள் எனக்குப் பெறாத மகள். மாட்டேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. மூன்று கண்டிஷன் போட்டேன். பூ வேண்டாம். மாப்பிள்ளை சீட்டில்தான் உட்கார வேண்டும். காரை நான்தான் ஓட்டுவேன். கடைசியைக் கேட்டதும் அண்ணன் முகம் சுருங்கியது. பெண்ணுக்கு அத்தை பட்டுச்சேலை கட்டி ஆரத்தித் தட்டோடு மண்டப வாசலில் நிற்க வேண்டும். டிரைவராக வந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும் என்றேன்.

அன்று சாயங்காலம் அம்பாசமுத்திரத்தில் பிள்ளையார் கோயில் வாசலில் கோட்டும் சூட்டும் மாலையுமாகப் பையன் வந்து உட்கார்ந்தான். முறைக்கு நான் அவனுக்குச் சித்தி. பெல்ட்டைப் போடச் சொன்னேன். மாலைக்கு மேலே போட்டுக்கொண்டான். மேளம் கிளம்பியது. முன்னால் நாதஸ்வரம், நடுவில் தட்டு ஏந்திய பெண்கள், அப்புறம் நாங்கள். கூட்டத்தில் எவனோ, "என்னலே, மாப்பிள்ள தரையோட தரையா வாராரு" என்றான். நாலு அடி நகர்வேன், நிற்பேன். மேளக்காரர்கள் நின்று வாசிக்க ஆரம்பித்துவிட்டால் நகர்வதே கிடையாது. முள் பாதியைத் தாண்டியது. வழக்கமாக இந்த இடத்தில் முன்பக்கம் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்கும். மேளச் சத்தத்தில் கேட்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

கதவை ஒட்டி நடந்து வந்த அண்ணனிடம் சொன்னேன். "சூடு ஏறுது. மேளக்காரங்கள வெரசா நடக்கச் சொல்லு."

"பைய வா. மண்டபம் அங்கனதான இருக்கு."

இன்ஜினை நிறுத்தலாம். சூட்டோடு நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. பிறகு மாலை போட்ட மாப்பிள்ளையை உட்கார்த்தி வைத்து நடுரோட்டில் தள்ளிக்கொண்டு போக வேண்டும். நிறுத்தாவிட்டால் கொதிக்கும், கார் எடைக்குப் போகும். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மூன்று வருடமாக எவன் எவனுக்கோ கருகி, எவன் எவனுக்கோ நசுங்கி, ஒரு நாள்கூட எனக்கென்று ஓடாமல் இன்று என் கையாலேயே சாகப் போகிறதே என்று மனசு கொதித்தது.

பெரிய ரோட்டுக்கு வந்தோம். மேளம் மண்டபத்தைப் பார்க்க இடப்பக்கம் திரும்பியது. நான் வலப்பக்கம் திருப்பினேன்.

"ஏளா! ஏளா!" என்று அண்ணன் கத்தியது கொஞ்ச தூரம் வரை கேட்டது. அப்புறம் காற்றுச் சத்தம்தான். இரண்டாவது கியர், மூன்றாவது கியர். தாமிரபரணிப் பாலத்தில் ஏறும்போது அந்த இன்ஜின் போட்ட சத்தத்தை நான் அதுவரை கேட்டதே இல்லை. ஆற்றிலிருந்து ஈரக்காற்று முகத்தில் அடித்தது. பையன் ஒரு கையால் மாலையையும் ஒரு கையால் கதவையும் பிடித்துக்கொண்டு, "சித்தி, எங்க போறோம்?" என்றான்.

"எங்கயும் போவல. வண்டி ஆறணும்."

கல்லிடைக்குறிச்சி தாண்டி, ரோட்டின் இரண்டு பக்கமும் வயல் வந்ததும் முள் இறங்க ஆரம்பித்தது. சிவப்பை விட்டது. பாதிக்கு வந்தது. மாலைப் பூக்கள் பிய்ந்து பின்னால் பறந்துகொண்டிருந்தன. ஓரமாக ஒடித்துத் திருப்பப் பார்த்தேன்.

"சித்தி, இன்னுங் கொஞ்சம் போவலாமா?" என்றான்.

இன்னும் கொஞ்சம் போனோம்.

திரும்பி வந்தபோது ரோட்டு முனையில் இரண்டு வீட்டாரும் நின்றிருந்தார்கள். மேளம் நின்றுவிட்டது. பையனின் தாய்மாமன், "மாப்பிள்ளையக் கடத்திட்டுப் போற வீட்டுல சம்பந்தம் வச்சிருக்கோம் வே" என்று அண்ணன் காதில் விழும்படி சொன்னார். அண்ணன் கையை நீட்டினான். "சாவியக் குடு. வேற ஆளு ஓட்டுவான்."

நான் ஸ்டியரிங்கை விடவில்லை. அதற்குள் பையன் பெல்ட்டைக் கழற்றி இறங்கிவிட்டான். மாலையில் நார்தான் மிச்சமிருந்தது. "மாமா, நான் நடந்தே வாரேன். நின்னா வண்டி சூடாவும்லா" என்று அண்ணனிடம் சொன்னான். மண்டபம் கூப்பிடு தூரம்தான். மேளம் மறுபடி கிளம்பியது. மாப்பிள்ளை நடந்தே போய்ச் சேர்ந்தான். ஆரத்தி எடுக்க நான் போகவில்லை. போயிருந்தாலும் தட்டைத் தந்திருக்க மாட்டார்கள்.

மறுவாரம் ஒர்க்ஷாப்பில் மெக்கானிக் முன்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "ஃபேன் மோட்டார் போச்சுன்னு சார்ட்ட அப்பவே சொன்னனே" என்றார். கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"சொன்னாரு. கல்யாணத்துல பையதான போவப் போறோம், அதுக்கு எதுக்கு ஃபேனுன்னு விட்டுட்டேன்."

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. பையப் போனால்தான் ஃபேன் வேண்டும் என்பதைப் படிப்படியாக விளக்கி, நடுவில் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியையும் சொன்னேன். ஆணியிலிருந்த சாவியை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மோட்டார் வந்து மாட்டி முடிக்கும்போது ஒரு நல்ல பழைய ஸ்கூட்டர் வாங்கும் பணம் போயிருந்தது. அண்ணன் இன்னும் என்னோடு பேசுவதில்லை. பெட்ரோல் மட்டும் போட்டு அனுப்பியிருந்தான்.

தை பிறக்கும் முன்பே வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்துவிட்டார். அவர் பெண்ணுக்கும் கல்யாணம். வழக்கம்போல என் வீட்டுக்காரரிடம்தான் கேட்டார். இவர் ஆணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சாவி என்ட்ட இல்ல. வண்டி அவளோடதுல்லா, அவட்டக் கேளுங்க" என்றார்.

சித்தப்பா மகன் தட்டை என் பக்கம் திருப்பினார். மூன்று வருடத்தில் அந்தத் தட்டு என் பக்கம் திரும்பியது அன்றுதான்.

"தாரேன். ஆனா நாந்தான் ஓட்டுவேன்" என்றேன். "பைய ஓட்ட மாட்டேன்."