புள்ளிக்கோட்டில் நடந்த ஜனாஸா

நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும். இது எனக்கு நடந்தது. அதுவும் இருட்டில் இல்லை, அஸர் தொழுதுவிட்டு வந்த வெயிலில்.

சிலாபத்தில், தெதுறு ஓயா ஆற்றுப் பக்கம் எங்கள் பழைய மையவாடி. வாப்பாவை அங்கேதான் அடக்கினோம். சுற்றிவர நிலம் வாங்கிய இறால் பண்ணை முதலாளி அதையும் சேர்த்து வேலி அடைத்தான். அங்கே மையவாடியே இருந்ததில்லை என்று கோர்ட்டில் சொன்னான், வெட்கங்கெட்டவன்.

எங்களிடம் இருந்த ஒரே சாட்சி வெள்ளைக்காரன் காலத்து வரைபடம். நகரம், ஆறு, தென்னந்தோட்டம் எல்லாம் அதில் உண்டு. மையவாடியும் உண்டு. ஊரிலிருந்து ஒற்றையடிப் பாதை ஒன்று, புள்ளிக்கோடாக, அதுவரை போய் முடியும்.

கோர்ட்டு உத்தரவோடு அளக்கப் போனோம். நில அளவையாளர் றவூப் ஜிபிஎஸ் கருவியை என்னிடம் தந்தார்.

"வரம்பால நடங்க ஹில்மி நானா. போற வழிய அது பதியும்."

பாதை இருந்த இடமெல்லாம் இறால் தொட்டி. தண்ணீர்ச் சக்கரங்கள் கடகடவென்று சுற்றின.

மணி 4.20. எல்லாச் சக்கரங்களும் ஒன்றாக நின்றன...

பின்னால் ஒரு ஜனாஸா ஊர்வலம் வந்தது. பத்துப் பன்னிரண்டு பேர். கலிமாச் சத்தம் இல்லை. காலடிச் சத்தமும் இல்லை.

ஜனாஸாவைக் கண்டால் தோள் கொடுப்பது எங்கள் வழக்கம். கொடுத்தேன். சந்தூக்குப் பெட்டி பாரமே இல்லை. உள்ளே ஏதோ கலகலத்தது...

மையவாடி வந்தது. மண் புதிதாகக் கிளறிக் கிடந்தது. அவர்கள் நிற்கவில்லை.

"யாருட மையத்து?"

பக்கத்தில் வந்தவர் திரும்பவில்லை.

"உங்கட வாப்பாட."

"எங்க... கொண்டு போறீங்க?"

"இங்க இருக்க விடல்லயே."

தோள் வெறுமையானது.

ஆற்றங்கரை. நான் மட்டும்.

றவூப் வெளிறிப்போய் ஓடி வந்தார். "தொட்டித் தண்ணிக்கு மேலால நடந்தீங்க நானா. தோளச் சாச்சிக்கிட்டு."

நான் கட்டியிருந்த சாரம் நனையவில்லை.

மறுநாள், பதிந்த வழியைப் பழைய வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தோம். புள்ளிக்கோட்டில் மயிரிழை பிசகவில்லை. ஆனால் மையவாடியோடு அது முடியவில்லை. நேரே ஆற்றுக்குப் போயிருந்தது.

அந்த வரைபடத்தால் வழக்கை வென்றோம். ஊரே சந்தோஷப்பட்டது. அதற்குப் பிறகுதான் பண்ணையில் மண் தோண்டும் பெக்கோ ஓட்டிய நஸீம் என்னிடம் வந்து அழுதான். நாங்கள் அளக்கப் போன அன்று காலையில், முதலாளி சொல்லி, கபுறுகளைத் தோண்டி எலும்பெல்லாம் ஆற்றில் கொட்டினானாம்.

மையவாடிக் கேற்றுப் பூட்டின் திறப்பு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. உள்ளே ஒருவரும் இல்லை.