எலுமிச்சம்பழம் வைத்த பக்கம்

ரப்பர் விலை விழுந்த வருடம், மலாயாவில் ரெங்கத்துக்கு அப்பால் இருந்த எங்கள் தோட்டத்தில் துரை பெட்ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டார். ரப்பர் பாலை உறையவைக்கும் பால் ஸ்டோரில் என் வீட்டுக்காரர்தான் இன்ஜின் டிரைவர். அந்த இன்ஜின் சுற்றும் உருளைகளுக்குள் உறைந்த பால்கட்டியை விட்டு ரப்பர் தாளாக எடுப்பது என் வேலை. சனிக்கிழமைக்குள் பெட்ரோல் இல்லாமல் ஓட்டிக் காட்டு, இல்லாவிட்டால் இரண்டு பேரும் கப்பலேறி ஊருக்குப் போங்கள் என்று துரை சொல்லிவிட்டார்.

எனக்குப் போக மனமே இல்லை. அங்கே எங்களுக்கென்று ஒரு கூரைகூடக் கிடையாது. ஆனாலும் நான் பெரிய முன்யோசனைக்காரி அல்லவா! சோற்றுப்பானை உட்பட எல்லாவற்றையும் தகரப்பெட்டியில் அடைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பானையைக் கடன் வாங்கிக் கஞ்சி காய்ச்சினேன்.

அவரோ தரையில் கால் பாவாமல் திரிந்தார். பாலோ ஊரில் மூடிக்கிடந்த, மரம் அறுக்கும் மரவாடியிலிருந்து ஒரு சின்னக் கொதிகலனை மாட்டுவண்டியில் ஏற்றி வந்தார். பால் வற்றிய கிழட்டு ரப்பர் மரங்கள் விறகாயின. இன்ஜின் தலையில் தீப்பொறி போடும் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் நீராவிக் குழாயைப் பொருத்தி, நடுவே ஓர் இரும்புக் குண்டை அடைப்பாக வைத்தார். பிஸ்டன் மேலே வரும்போதெல்லாம் அதன் உச்சியிலுள்ள முளை குண்டைத் தட்டித் தூக்கும். நீராவி பாய்ந்து பிஸ்டனைக் கீழே தள்ளும்.

"அவ்வளவுதான் புள்ள!" என்றார். அந்த அவ்வளவுதானுக்கு முழுசாக மூன்று நாள் ஆயிற்று.

சனிக்கிழமை காலையில் துரையும் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியும் வந்து நின்றார்கள். புது மிஷினைப் பூசை போடாமல் ஓட்டலாமா? சூடம் கொளுத்தினேன். உருளைகளுக்கு நடுவே எலுமிச்சம்பழம் வைக்கப் போனால், நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் துரை மலைபோல நின்றார். அதனால் எதிர்ப்பக்கம், தாள் வெளியே வரும் வாயில் வைத்தேன். பழம் நசுங்க வேண்டுமே என்று என் வீட்டுக்காரரும் பெரிய சக்கரத்தை அதற்குத் தோதாகத் தள்ளிவிட்டு, நீராவியைத் திறந்தார்.

பெட்ரோலில் கைப்பிடி போட்டு ஒரே பக்கம் சுற்றித்தான் எங்களுக்குப் பழக்கம். நீராவிக்கோ எந்தப் பக்கம் தள்ளினாலும் சம்மதம். இன்ஜின் குபுகுபுவென்று பின்னோக்கி ஓட, பழம் நசுங்கி, சாறு நேராகத் துரையின் கண்ணுக்குள் போயிற்று.

"ஐயோ, கண்ணு!" என்று துரை தமிழில் அலறினார்.

"அலமாக்!" என்று மலாயில் பதறி, கிராணி கைக்குட்டையோடு ஓடினார்.

நீராவியை மூடப் போன என் வீட்டுக்காரர் கையை இழுத்துக்கொண்டார். நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ என்னமோ! எனக்குப் பயமும் சிரிப்பும் சேர்ந்து பொத்துக்கொண்டு வந்தன. பால்கட்டியை வாரிக்கொண்டு பழம் வைத்த பக்கம் ஓடி, உள்ளே விட்டேன். மறுபக்கம் வழுவழுவென்று தாள் புறப்பட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த துரையின் மேலேயே சரிந்தது.

"ஏன் இந்தப் பக்கம் வருது?" என்றார் துரை.

"நீராவிக்கு இந்தப் பக்கந்தாங்க தொரை," என்றார் அவர், துளிகூட அசராமல்.

துரை ஒற்றைக் கண்ணால் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி. திங்கக்கிழமை ரெண்டு பேரும் வேலைக்கு வா."

லயத்து வீட்டுக்கு ஓடிவந்து தகரப்பெட்டியைத் திறந்தேன். என் பானையை எடுத்து அடுப்பில் ஏற்றினேன். பக்கத்து வீட்டுப் பானையை விளக்கி, நிறையப் பாயசம் ஊற்றித் திருப்பிக் கொடுத்தேன்.